குளிர்நாட்டு வீட்டுக்குள் கறிவேப்பிலை: மஞ்சள் இலைக் கேள்விகள்

இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் வெளியே இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை எல்லோரும் உள்ளே தூக்கி வைத்துவிடுகிறோம். சில வாரங்களில் இலை மஞ்சளாகிறது, தொங்குகிறது, கொட்டுகிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "என்ன உரம் போடலாம்?" என்றுதான் முடிந்தன. உரப் பையைத் தொடுவதற்கு முன் செடியைப் பாருங்கள். மஞ்சளானது அடி இலையா, நுனித் தளிரா? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டால் ஈரமா, உலர்வா? இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஏதாவது இருக்கிறதா? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் ஊகம்தான் சொல்ல முடியும்.

ஸ்கார்பரோ: அக்கா, செப்டம்பர் கடைசியில் செடியை உள்ளே வைத்தேன். இப்போது அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. வாடித் தொங்குகிறதே என்று தினமும் தண்ணீர் விடுகிறேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது. சத்துக் குறைபாடா?

தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணின் இடுக்குகளில் எல்லாம் நீர் நின்றுவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். உள்ளே கொண்டுவரும் செடிகள் சாவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம்.

கோடையில் வெயிலில் நின்றபோது அது தினமும் குடித்தது உண்மைதான். உள்ளே வெளிச்சம் அதில் ஒரு சிறு பங்குதான். செடி குடிப்பதும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

வறட்சியில் வாடிய செடியை எப்படி அறிவது? தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும், இலை மெலிந்து மொரமொரப்பாக இருக்கும், தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈரத்தில் வாடிய செடி கனமான தொட்டியில் தொளதொளவென்று தொங்கும், விடிந்தாலும் நிமிராது.

தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, செடியை மண்ணுருண்டையோடு மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் வேர் நன்றாக இருக்கிறது. அப்படியே திரும்ப வைத்து, மேல் இரண்டு அங்குலம் காயும்வரை காத்திருந்தால் போதும். கருத்து, வழவழத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எறியுங்கள். மிச்ச வேர் கொள்ளும் அளவுக்கு ஒரு சிறிய தொட்டி, அடியில் ஓட்டை, புது மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் கல்துகள்). பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். புதுத் தளிர் கிளம்பும்வரை எந்த உரமும் கூடாது. அழுகிய வேருக்கு உரம் இன்னொரு சுமை.

ஹாரோ, லண்டன்: அடி இலைகள் நல்ல பச்சை. ஆனால் புதுத் தளிர்கள் வெளிறிப்போய் வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. எப்சம் உப்பு போட்டும் மாறவில்லை.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் இடம் மாற்ற முடியும். குறைந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. பற்றாக்குறை வந்தால் தளிர்தான் முதலில் வெளிறும். எப்சம் உப்பு மெக்னீசியம். உங்களுக்குக் குறைவது இரும்பு. அதனால்தான் பலன் இல்லை.

இரும்பு மண்ணில் இல்லாமல் இருக்காது, பூட்டிக் கிடக்கும். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியே வருவதால் கடினமானது. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் தொட்டி மண்ணின் பிஎச் ஏறும் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண் அது, ஏற ஏறப் புளிப்பு குறையும்). 7க்கு மேலே போனால் இரும்பு கரையாமல் நின்றுவிடும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், கொஞ்சம் புளிப்பான மண்தான் அதற்குப் பிடிக்கும். 5.5 முதல் 6.5 வரை நல்லது.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், லண்டனில் அதற்குப் பஞ்சமில்லை. வசந்தத்தில் தொட்டி மாற்றும்போது அசேலியா, கமீலியா செடிகளுக்கென விற்கும் புளிப்பு மண்கலவையைப் பயன்படுத்துங்கள். உடனடி உதவிக்கு இரும்பு கீலேட் வாங்கலாம், செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் உரம் அது. உறையில் இடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். இடிடிஏ (EDTA) வகை பிஎச் ஏறிய மண்ணில் நிலைக்காது. துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார்கள், அதனால் பயனில்லை. துருவும் அந்த மண்ணில் கரையாது. வெளிறிய இலை முழுதாகப் பச்சையாகாமல் போகலாம். அடுத்து வரும் தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒஸ்லோ: அக்கா, ஊரில அம்மா புளிச்ச மோர் ஊத்தித்தான் வளர்த்தவ. இங்க வீட்டுக்குள்ள ஊத்தலாமோ?

உங்கள் அம்மா செய்தது சரி. நிலத்தில் நிற்கும் மரம், வெயில், மண்ணில் உயிர்கள் நிறைய. மோர் போன வேகத்தில் மக்கி உணவாகிவிடும். நோர்வேக் குளிர்காலத்தில், அசையாத ஒரு தொட்டி மண்ணில் அது நடக்காது. நாறும், ஈ வரும். ஜூனில் செடியை வெளியே வைத்த பிறகு, ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றுங்கள். இப்போது வேண்டாம்.

பாரிஸ்: தொட்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கறுப்பு ஈக்கள்.

மண் எப்போதும் ஈரமாக இருப்பதன் அடையாளம். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில்தான் வாழும். மேல்மண்ணை நன்றாகக் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று குத்தி வையுங்கள். வளர்ந்த செடிக்குப் பெரிய கேடில்லை, நாற்றின் வேரைக் கடிக்கும். இலையும் மஞ்சளாக இருந்தால் முதல் பதிலைப் படியுங்கள்.

எட்மண்டன்: தம்பி வீட்டுச் செடிக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருக்கிறது. இலை முழுக்க ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளி, காம்புகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை. தண்ணீர் சரியாகத்தான் விடுகிறோம் அம்மா.

செம்பேன், சிலந்திப் பேன் என்றும் சொல்வார்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஹீட்டரின் சூடான, உலர்ந்த காற்றில் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும்.

இன்றைக்கே மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வையுங்கள். மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, குளியலறை ஷவரில் வெதுவெதுப்பான நீரால் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். காய்ந்ததும் செடிகளுக்கென்றே விற்கும் பூச்சிச் சோப்பை இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் தளிரைக் கருக்கிவிடும். ஒரு தடவை செய்து விட்டுவிட்டால் பயனில்லை, சோப்பு முட்டையைக் கொல்லாது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். நாம் தின்னும் இலை என்பதால் கடுமையான மருந்துப் பக்கம் போகாதீர்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலிருந்து செடியை நகர்த்துவதும் அவசியம்.

நியூ ஜெர்சி: வாரம் ஒருமுறை உரம் கொடுக்கிறேன். இலை நுனி கருகுது, ஓரம் மஞ்சளாகுது. மண்ணுக்கு மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கு.

அந்த வெள்ளை பெரும்பாலும் உப்பு. குளிர்காலத்தில் செடி வளர்வதே இல்லை, நீங்கள் கொடுத்ததெல்லாம் மண்ணில் தங்கிவிட்டது. மேல் படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியே முழுதாக வடியவிடுங்கள். பிறகு நன்றாகக் காயட்டும். அடுத்த உரம் வசந்தத்தில் தளிர் வந்த பிறகு, உறையில் சொன்னதில் பாதி அளவு.

மெல்பர்ன்: தெற்கு ஜன்னலில் வைக்கச் சொல்கிறார்கள். வைத்தேன், ஜூலையில் எல்லாம் மஞ்சள்.

அது வட அரைக்கோளத்துக்கான அறிவுரை. உங்களுக்குச் சூரியன் வடக்குப் பக்கம் சாயும். வடக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

பிராம்ப்டன்: எல்லா இலையும் கொட்டிவிட்டது. வெறும் குச்சி. தூக்கிப் போடவா?

அவசரப்படாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே, இன்னும் கீழே என்று பாருங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டிவிடலாம். அடிவரை காய்ந்திருந்தாலும் வேரிலிருந்து முளை வரக்கூடிய செடி இது, மே வரை பொறுங்கள்.

குளிரும் இருட்டும் சேர்ந்தால் கறிவேப்பிலை இலையை உதிர்த்துவிட்டு உறங்குவது இயல்பு. டிசம்பரில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரம்தான், அதிலும் மேகமூட்டம். உறங்கும் செடிக்கு இலை இல்லை, ஆகவே தண்ணீர்ச் செலவும் இல்லை. மண் முக்கால்வாசி காய்ந்த பிறகு கொஞ்சம் விட்டால் போதும். அப்புறம், உறங்கவே விடக்கூடாது என்று நினைத்தால் வழி வெளிச்சம்தான். ஒரு எல்இடி வளர்ப்பு விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் குளிர்காலத்திலும் தளிர் விடும்.

தெற்கு கலிபோர்னியா: தளிர் சுருண்டு கோணலாகிறது. அதில் பழுப்பு நிறத்தில் சின்னப் பூச்சி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நண்பர் ஒருவருக்குக் கன்று கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

கன்றைக் கொடுக்காதீர்கள், ஒரு கொத்து இலைகூட வெளியே போக வேண்டாம். தலையைத் தாழ்த்தி, உடலை 45 டிகிரி சாய்த்து உட்காரும் பூச்சி என்றால் ஆசிய எலுமிச்சைச் சாறுண்ணி என்று சந்தேகிக்க வேண்டும். கறிவேப்பிலைத் தளிர் என்றால் அதற்கு உயிர். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. கலிபோர்னியாவில் 2008இல் பூச்சியும், 2012இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால்தான் அங்கே தனிமைப்படுத்திய பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு உங்கள் கவுண்டி வேளாண் ஆணையர் அலுவலகத்தை அழையுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். நண்பருக்கு உரிமம் பெற்ற நாற்றங்காலில் கன்று வாங்கச் சொல்லுங்கள்.