போலீஸ் செல்போனில் தம்பியின் முகம்: ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. மதுரையில் உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். போன வாரம் ராத்திரி 11.30 மணிக்கு வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ் பார்த்த பிறகு ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி முகத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்களாம். இரண்டு நாள் கழித்து, "ஆப்புல உன் முகம் ஒரு கேஸோட மேட்ச் ஆகுது, ஸ்டேஷனுக்கு வா, சின்ன விசாரணைதான்" என்று ஃபோன் வந்தது. அவன் மேல் இதுவரை ஒரு வழக்குகூட இல்லை. போக வேண்டுமா? அந்தப் படத்தை அழிக்கச் சொல்ல முடியுமா? அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. — வாசகி, மதுரை

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். வந்திருப்பது ஒரு ஃபோன். அது கைதும் இல்லை, வழக்கும் இல்லை. அதற்காக அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. ஃபோனை எடுக்காமல் இருப்பது, சிம்மை மாற்றுவது, சித்தப்பா ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வருவது, இதெல்லாம் பயத்தில் பலரும் செய்கிற தவறுகள். "தலைமறைவு" என்று எழுத அதுவே போதும்.

தம்பி போகத்தான் வேண்டும். ஆனால் அழைப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். குற்ற வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் நான். ஸ்டேஷன் விவகாரத்தில் பிற்பாடு கைகொடுப்பது காகிதம்தான் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வழக்கு, கூப்பிட்ட அதிகாரி யார் என்பது எழுத்தில் இருந்தால், அவன் அங்கே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். எதுவுமே எழுத்தில் இல்லையென்றால், "அப்படி யாரும் இங்கே வரவேயில்லையே" என்று சொல்லிவிட முடியும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன்படி, ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிட்டால் பிரிவு 179-இன் கீழ் எழுத்துமூலமான உத்தரவு தர வேண்டும். அவர் மேலேயே சந்தேகம் இருந்து, ஆனால் கைது தேவையில்லை என்றால் பிரிவு 35(3)-இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையான நோட்டீஸ் ஆகாது என்று சதேந்தர் குமார் அந்தில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீஸ் தொந்தரவு என்று வரும் மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையேதான் உத்தரவிட்டு வந்திருக்கிறது: தேதியும் நேரமும் போட்டு எழுத்தில் சம்மன் கொடு, விசாரணையில் நடந்ததைப் பொது நாட்குறிப்பில் (ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேட்டில்) பதிவு செய், துன்புறுத்தாதே. (இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களையோ அம்மாவையோ சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெண்கள், 15 வயதுக்குக் கீழே அல்லது 60-க்கு மேலே உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.)

சட்டம் பேசினால் எதிர்முனையில் கோபம் வரும் என்பது எனக்கும் தெரியும். அதனால் பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். நீங்களே திருப்பி ஃபோன் செய்து நிதானமாகக் கேளுங்கள்: "சார், தம்பியை நாங்களே கூட்டிட்டு வர்றோம். எந்த கேஸ், குற்ற எண் என்ன, உங்க பேர் என்னன்னு சொல்லுங்க. நோட்டீஸ் குடுத்தீங்கன்னா அதுல போட்டிருக்கிற நேரத்துக்கு வந்துடுறோம்." முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் புகார் மட்டும் இருந்தால் சி.எஸ்.ஆர். எண் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது எண்) இருக்கும், அதைக் கேளுங்கள். இரண்டு எண்ணும் இல்லையென்றால் அவர்கள் எதை விசாரிக்கிறார்கள் என்பதே கேள்விதான்.

நோட்டீஸ் தரமாட்டோம் என்கிறார்களா? அன்றைக்கே மாநகரக் காவல் ஆணையருக்கும், நகல் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்குமாக ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு, இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார், எழுத்தில் அழைப்பு தேவை. நாலு வரி போதும். 2013-இல் தந்தி சேவை நிற்கும் வரை எங்கள் சீனியர்கள் இதைத் தந்தியாக அடிப்பார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வீட்டார் அழுதுகொண்டு வந்தால் முதல் வேலை தபால் ஆபீஸுக்கு ஓடுவதுதான். தந்தியில் விழுந்த நேரமுத்திரை பின்னால் கோர்ட்டில் பேசும். இன்றைக்கு அந்த வேலையை மின்னஞ்சல் செய்யும்.

அடுத்து, அந்த "மேட்ச்". உங்கள் பயத்துக்குப் பாதிக் காரணம் அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முக அடையாள மென்பொருள் ஒரு முகத்தைப் பார்த்து "இவன்தான்" என்று சொல்வதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மூக்கு, தாடை என்று முகத்தை எண்களாக மாற்றி, காவல்துறையிடம் ஏற்கெனவே உள்ள படங்களோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் தருகிறது. எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் "மேட்ச்" என்று கொள்வது என்பதை முடிவு செய்வது மனிதர்கள். டெல்லி போலீஸ் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் மேட்ச் என்று எடுத்துக்கொள்வதாக 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதிலில் தெரிந்தது. ஏன் 80, ஏன் 95 இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. போதாததற்கு, தம்பியின் படம் தெருவிளக்கு வெளிச்சத்தில், ஹெல்மெட் அழுத்திய முகத்தோடு, வியர்வையில் எடுத்தது.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஆயிரத்தில் ஒரு முறைதான் மென்பொருள் தப்பு செய்கிறது. ஓர் ஊரில் ஒரு ராத்திரி 2,000 பேரைப் படம் பிடித்தால், தினமும் இரண்டு நிரபராதிகளுக்கு இந்த ஃபோன் போகும்.

என்னிடம் ஒரு கொத்தனார் வந்தார். அவருடைய விசாரணையின்போது நானும் உடன் போயிருந்தேன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். எஸ்.ஐ. செல்போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில். அதே நெற்றி, அதே புருவம். எனக்கே ஒரு நொடி திக்கென்றது. கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "சார், அது எங்க அண்ணன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆச்சு" என்றார். காதுமடல் இரண்டிலும் வேறு மாதிரி இருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். அந்த எஸ்.ஐ. நல்ல மனிதர். உடனே அதை எழுத்தில் பதிவு செய்து அனுப்பிவைத்தார். வேறொருவராக இருந்திருந்தால் அன்று ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, மனைவி, பெண் குழந்தைகள் கண்ணெதிரே வீட்டு வாசலில் கைது செய்தார்கள். மென்பொருள் தப்பாகச் சொன்னதுதான் தொடக்கம். அவர் வழக்குப் போட்டு, 2024-இல் சமரசமானபோது, மென்பொருள் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்ய மாட்டோம் என்று அந்த நகரப் போலீஸ் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. நம் ஊரில் அப்படி எழுதிவைத்த விதி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. காணாமல் போனவர்களைத் தேடவும், அடையாளம் தெரியாத உடலுக்கு உரியவர்களைக் கண்டுபிடிக்கவும் இந்தக் கருவி உதவும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேட்ச் என்பது துப்பு. துப்பை வைத்து விசாரிக்கலாம், அன்று அவன் எங்கே இருந்தான் என்று கேட்கலாம். அதையே சாட்சியமாக்கி ஆளை உட்காரவைக்கக் கூடாது.

ஒப்பிடும் படங்கள் யாருடையவை என்பதும் முக்கியம். வருடக்கணக்காக யாரை அதிகம் பிடித்தார்களோ, யார் பெயரை ஹிஸ்டரி ஷீட்டில் (தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்கள் என்று போலீஸ் வைத்திருக்கும் பதிவேட்டில்) வைத்திருந்தார்களோ, அவர்கள் முகங்கள்தான் அதில் நிறைய இருக்கும். 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்தங்கிய சமூகத்தினர் பெயர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றப்படுவதைக் குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைத் திருத்திப் பார்க்கச் சொன்னது. மதுரைக்காரர்களுக்கு இது புதிய கதை இல்லை. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே 1920-இல்தான் கைதிகளின் கைரேகையையும் படத்தையும் எடுக்க அனுமதிக்கும் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்ததுதான் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர், இவர்களிடம்தான் படம், கைரேகை, கருவிழிப் பதிவெல்லாம் போலீஸ் எடுக்கலாம். வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். டெலிவரி பையோடு ரோட்டில் போகிறவரைப் படம் எடுக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், அளவு மீறாமலும் இருக்க வேண்டும்.

ஆனால் ரோட்டில் நின்று இதை வாதாட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். ராத்திரி நேரம், ஆள் தனி. இடம், நேரம், சீருடையில் உள்ள பெயர் ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டு வரட்டும். பிறகு ஆணையருக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சட்டப் பிரிவின் கீழ் படம் எடுக்கப்பட்டது, சேமிக்கப்பட்டிருக்கிறதா, எப்போது அழிக்கப்படும். அழிக்கவும் கோருங்கள். ஒரே கடிதத்தில் அழித்துவிடுவார்கள் என்று நான் ஆசைகாட்ட மாட்டேன். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கலாம், அப்போது இந்தக் கடிதம்தான் அடித்தளம். 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே யாரோ ஊடுருவினார்கள். அதனால் "எங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்ற பதிலோடு நீங்கள் திருப்திப்பட வேண்டியதில்லை.

சரி, ஸ்டேஷனுக்குப் போகும் நாள். பகலில் போங்கள். வழக்கறிஞர் ஒருவரும் வீட்டார் ஒருவரும் கூடவே இருக்கட்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். சம்பவ நாளில் தம்பி எங்கே இருந்தான் என்பதற்கு அவனுடைய டெலிவரி ஆப்பிலேயே ஆர்டர் விவரம் நேரத்தோடு இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். மேட்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கேட்கிற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லட்டும். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அது அரசியல் சாசனத்தின் 20(3) தந்த உரிமை. விசாரணையில் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 181 சொல்கிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்து என்ற பேச்சே வேண்டாம். செல்போனை வாங்கிக்கொண்டால் பறிமுதல் மகஜர் (எதை எடுத்தார்கள் என்று எழுதிய பட்டியல்) கேளுங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பது இப்போது அதே சன்ஹிதாவின் பிரிவு 105.

நோட்டீஸை மதித்து வருகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். அப்படியே கைதென்றாலும் கைதுக் குறிப்பில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகளில் பெரும்பகுதி இன்று சட்டமாகவே இருக்கிறது. தம்பி மேல் யாராவது கைவைத்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கீழே விழுந்துட்டேன்னு சொல்லு, விட்டுடுறோம்" என்பதை நம்பி எத்தனையோ பிள்ளைகள் காயத்தோடு வழக்கையும் சுமக்கிறார்கள்.

கேமரா இருக்கிறதே என்று மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னது அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சீருடை மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உத்தரவானது. ஆனால் 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியை ஸ்டேஷனுக்கு வெளியே வைத்துத்தான் தனிப்படை அடித்தது. அங்கே கேமரா ஏது? ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோதான் வெளியே வந்தது. ஆகவே "ஸ்டேஷன் வேண்டாம், இங்கே பக்கத்துல ஒரு இடத்துல பேசலாம்" என்று யார் கூப்பிட்டாலும் தம்பி போகக் கூடாது. சீருடை இல்லாமல் வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்கலாம், கேட்க வேண்டும்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும், உள்ளே போன நேரம், வந்த நேரம், பேசிய அதிகாரி, கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் வீட்டுக்கு வருவதற்குள் எழுதிவிடுங்கள். ஏதாவது தப்பாக நடந்திருந்தால் அந்த நாளின் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மறுநாளே ஆணையருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஒன்றும் நடக்கவில்லை, எஸ்.ஐ. மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டார் என்றால், "விசாரணைக்கு வந்து சென்றார்" என்று நோட்டீஸ் நகலில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைச் சாவடியில் அதே ஆப் அதே மேட்சைக் காட்டினால், தம்பி பர்ஸிலிருந்து எடுத்துக் காட்ட அந்தத் தாள் இருக்கும்.