நடுவானில் பலூன் ஊத வேண்டுமா? முதலில் வேகத்தை அடக்குங்கள்

கேள்வி: ஹற்றன் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2016இல் கம்பளைத் தேயிலைத் தோட்டத்தில் கூகுளின் இணையச் சேவைப் பலூன் வந்து விழுந்ததைக் கேள்விப்பட்ட பிள்ளைகள், ட்ரோனிலிருந்து மடித்த பலூனைப் போட்டு, விழும்போதே ஊத வைக்க வேண்டும் என்கிறார்கள். எப்படிப் பரிசோதிப்பது?

பதில்: கம்பளையில் விழுந்தது தரையில் ஊதி அனுப்பிய பலூன். உங்கள் பிள்ளைகள் கேட்பது அதைவிடக் கஷ்டமான வேலை. அதைச் செய்து காட்டியவை, 1985 ஜூனில் வெள்ளிக் கோளில் பலூன் இறக்கிய சோவியத்தின் இரண்டு வேகா விண்கலங்கள். முதலில் பரசூட் விரிந்து வேகத்தைக் குறைத்தது. அதன் பிறகே ஹீலியம் ஏறியது. ஊதி முடிந்ததும் பரசூட்டும் வாயுக் கலன்களும் கழன்று விழுந்தன. மூன்றரை மீற்றர் அகலப் பலூன்கள் சுமார் 54 கிலோமீற்றர் உயரத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் மிதந்தன.

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். செக்கனுக்கு 60 மீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்திலிருந்து நேரே விரித்தால், பரசூட்டில் 5 மீற்றர் வேகத்தில் இறங்கும்போது படுவதைப் போல 144 மடங்கு தாக்கம். பாதி ஊதிய பலூனுக்கே ஆபத்து அதிகம்: தொளதொளவென்ற பக்கம் படபடவென்று அடித்துக் கிழிந்துவிடும்.

ஆகவே ட்ரோனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மாடி வராந்தாவிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, காற்றடிக்கும் நாளில் ஊதிப் பாருங்கள். சைக்கிள் டயருக்குப் பாவிக்கும் 16 கிராம் காபனீரொட்சைட்டுக் குப்பி போதும். உங்கள் உயரத்தில் கிட்டத்தட்ட 10 லீற்றர் வாயு தரும். பலூன் மிதக்காது, ஆனால் ஒழுங்காக விரிகிறதா என்பது தெரிந்துவிடும். வாயு பீறிடும்போது குப்பியின் வாயில் பனி படியும். அந்தக் குளிரில் இறப்பர் விறைத்து வெடிக்கும். இடையில் ஒரு சாண் குழாய் பொருத்துங்கள், வெறுங்கையால் தொட விடாதீர்கள். மடிப்புகளுக்குள் பவுடர் தூவினால் ஒட்டாது. ஐதரசன் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் சரிவந்த பிறகு ட்ரோன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து அனுமதி எடுங்கள். விசிறிகளின் கீழ்க்காற்று படாமல் பொதியை மூன்று மீற்றர் கயிற்றில் தொங்கவிடுங்கள். குப்பி இரும்பு, கீழே ஆள் நிற்கக் கூடாது, கொழுந்து பறிக்கும் மலையும் மின்கம்பியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளை நல்லது. தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.