பதில்: ஆராதனைக்குக் கூட்டம் வருகிறது, ஞானஸ்நானம் மட்டும் இல்லை

சகோதரரே, ஆராதனையில் இடம் நிரம்புகிறது, இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை என்கிறீர்கள். முதலில் சபைப் பதிவேட்டை எடுத்து, கடந்த 10 ஆண்டுகளில் சேர்ந்தவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: விசுவாசிகளின் பிள்ளைகள், வேறு சபையிலிருந்து வந்தவர்கள், புதிதாக விசுவாசித்தவர்கள். பெரும்பாலும் இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும். அது இடமாற்றம், ஆத்தும ஆதாயம் (புதியவர்களை விசுவாசத்துக்குக் கொண்டுவருவது) அல்ல.

பெரிய நற்செய்திக் கூட்டம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இயேசுவை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் தீர்மான அட்டைகள் சேரும், எழுதியவர்களை வீடு தேடிப் போக ஆள் இருக்காது. அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. நெருங்கியவர்களிடம் தொடங்குங்கள்: இயேசுவின் சீடனான அந்திரேயா முதலில் தன் சகோதரன் சீமோனைத்தான் இயேசுவிடம் அழைத்துவந்தான் (யோவான் 1:41, 42). ஒவ்வொரு விசுவாசியும் மூன்று பெயர்களை எழுதித் தினமும் ஜெபிக்கட்டும். கேட்க மனமுள்ள ஒருவரோடு மாற்கு சுவிசேஷத்தை வாரம் இரண்டு அதிகாரமாக வாசித்தால், 16 அதிகாரமும் எட்டு வாரத்தில் முடியும். வீட்டுக் குழுவில் "யாரோடு வாசிக்கிறீர்கள்?" என்று வாராவாரம் கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

விசுவாசித்தும் ஞானஸ்நானத்துக்குத் தயங்குகிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பலருக்குக் குடும்பத்தைப் பற்றிய பயம். சிலரை யாருமே கேட்டதில்லை. எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தவே வேண்டாம்.