கேள்வி-பதில்: பொம்மை வீட்டுக்குள் நுழையாத ஆட்டுக்கல்

புரட்டாசி விரதம் நெருங்கினால் வழக்கமாக எனக்கு வரும் கடிதங்கள் காய்கறி விலை, பித்தளைப் பாத்திரம், கெட்டுப்போன ஃபிரிட்ஜ் பற்றியே இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் சொப்பு சாமானும் பொம்மை வீடும்தான். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, பேத்திக்கு ஒரு பொம்மை வீடு வைத்திருக்கிறோம், 1:12 அளவு (நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு). அதில் என் ஆயாவின் டோங்காட் தோட்டத்துச் சமையலறையை அப்படியே வைக்க ஆசை. இணையத்தில், டர்பனிலேயே உள்ள ஒரு கடையில், ஆட்டுக்கல், அம்மி, தோசைக்கல், குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்த ஒரு செட் 850 ரேண்டுக்கு வாங்கினேன். 'பொம்மை வீட்டு அளவு' என்று போட்டிருந்தது. வந்து பார்த்தால் ஆட்டுக்கல்லின் அகலமே 7 செ.மீ. அந்த வீட்டு மேசையே 6 செ.மீ. உயரம்தான்! கடையில் கேட்டால் 'தள்ளுபடியில் வாங்கியது, பணம் திரும்பாது, வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பார்சல் வந்து நான்கு நாள் ஆகிறது. (சாட்ஸ்வர்த் வாசகி)

பதில்: நான்கு நாள்தானே? அப்படியென்றால் இன்றைக்கே எழுதுங்கள் அம்மா. இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்து 7 நாளுக்குள், காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு. திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் முழுப் பணமும் வர வேண்டும். தள்ளுபடி விலையில் வாங்கினீர்கள் என்பதற்காக இந்த உரிமை போய்விடாது. போனில் பேசி விடாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதி அதில் நிற்கும். இரண்டு வரி போதும்: இன்ன ஆர்டரை 44ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பவும்.

இதே செட்டை நேரில் கடைக்குப் போய் எடுத்துப் பார்த்து வாங்கியிருந்தால் கதை வேறு. மனம் மாறியது என்பதற்காகக் கடைக்காரர் பணம் தர வேண்டியதில்லை. இதைப் பலர் தப்பாக நினைத்துக்கொண்டு கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். பொருளில் குறை இருந்தால் மட்டும், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று சுவரில் எத்தனை பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாலும் அந்த உரிமையை அது அழிக்காது.

சரி, ஆட்டுக்கல்லுக்கு வருவோம். உங்களை யாரும் ஏமாற்றினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 7 செ.மீ.யை 12ஆல் பெருக்குங்கள், 84 செ.மீ. கோயில் அன்னதானத்துக்கு மாவாட்டுகிற கல்! அதையே 6ஆல் பெருக்கினால் 42 செ.மீ., வீட்டு ஆட்டுக்கல்லின் சரியான அகலம். அதாவது அந்த செட் 1:6 அளவில் செய்யப்பட்டது, பார்பி போன்ற 29 செ.மீ. பொம்மைகளுக்கு. 'பொம்மை வீட்டு அளவு' என்பது ஓர் அளவே இல்லை. 1:6 உண்டு, 1:12 உண்டு, 1:24 உண்டு, உள்ளங்கையில் ஒரு தெருவையே வைக்கிற 1:144கூட உண்டு. ஸ்வீடனின் லுண்ட்பி வீடுகள் 1:18. எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள்.

சேகரிப்பவர்களிடம் மிகப் பரவலாக இருப்பது 1:12, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். வின்ட்சர் கோட்டையில் இருக்கிற ராணி மேரியின் பொம்மை வீடு இந்த அளவில் 1924இல் முடிந்தது. குழாயைத் திறந்தால் அதில் தண்ணீர் வரும். அதை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் புது டில்லியையும் நம் ஜோபர்க் ஆர்ட் கேலரியையும் வடிவமைத்தவர். குடியரசுத் தலைவர் மாளிகை வரைந்த கை பொம்மைக்குக் குளியலறையும் வரைந்திருக்கிறது என்று நினைக்கும்போது, என் பைத்தியம் அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல்.

அடுத்த முறை வாங்குமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பொருளின் பக்கத்தில் ஒரு 5 ரேண்ட் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாணயத்தின் அகலம் 26 மி.மீ. 12ஆல் பெருக்கினால் 31 செ.மீ. நம் வீட்டுத் தோசைக்கல்! ஆகவே 1:12 தோசைக்கல் 5 ரேண்டை ஏறக்குறைய மறைக்க வேண்டும். அம்மி நீளவாட்டில் நாணயத்தைவிட ஒன்றரை மடங்கு. களிமண்ணில் குவார்ட்டர் பன்னி சவ் (கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) செய்து விற்பவர்கள் இப்போது இருக்கிறார்கள் (கறியில் உருளைக்கிழங்குத் துண்டுகூடத் தெரியும்). அது 8 மி.மீ.க்கு மேல் இருந்தால் பொம்மைக்கு அஜீரணம்தான். நானே ஒரு சந்தையில் அழகில் மயங்கி ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வாங்கி வந்து, அது பொம்மை அப்பாவின் தலைக்கு மேல் நின்றதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள். இப்போது என் கைப்பையில் சின்ன ஸ்கேல் ஒன்று எப்போதும் கிடக்கிறது.

பிறகு, கடை மறுத்தால் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஓம்பட் (நுகர்வோர் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. முதலில் கடைக்கு எழுதிய மின்னஞ்சலை இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, அவர் பிறந்து வளர்ந்த கேட்டோ மேனர் மரத்தகர வீட்டைப் பொம்மை வீடாகச் செய்யச் சொல்லி ஒரு தச்சரிடம் 3,000 ரேண்ட் முன்பணம் கொடுத்தேன். மொத்தம் 6,500. இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னவர், நான்கு மாதமாகியும் 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்கிறார். ரசீது இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியது மட்டும். முன்பணம் போனது போனதுதானா அக்கா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: போகவில்லை தம்பி. ஆனால் மேலே சொன்ன 7 நாள் விதி உங்களுக்கு உதவாது. நீங்கள் சொன்னபடி செய்கிற பொருளுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உதவுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு: ஒப்புக்கொண்ட தேதியில் பொருள் வராவிட்டால், தாமதத்தை ஏற்கலாம், அல்லது அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். வாட்ஸ்அப்பில் 'ரெண்டு மாசத்துல முடிச்சிடுறேன்' என்று அவர் எழுதிய வரி இருக்கிறதா? அதுதான் உங்கள் சாட்சி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ரசீது தருவது அவருடைய கடமை, 26ஆம் பிரிவு. நீங்கள் கொடுத்த முன்பணத்தைத் தன் பணமாக நடத்தக் கூடாது என்றும் 65ஆம் பிரிவு சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உடனே சண்டைக்குப் போக வேண்டாம் என்பேன். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். சுவர் நின்றிருந்தால் புதுத் தேதி ஒன்றை எழுதி வாங்குங்கள். பலகைகூட வாங்கவில்லை என்றால் ரத்து செய்யுங்கள். பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது.

பார்க்கப் போகும்போது பலகையையும் கவனியுங்கள். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) விலை குறைவு, பெயிண்ட் நன்றாக ஏறும். ஆனால் டர்பன் ஈரக்காற்றில், சீல் செய்யாத விளிம்பு ஊதிக் கதவு மூடாமல் போகும். பிளைவுட் கேளுங்கள். எம்டிஎஃப்தான் என்றால் வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் வார்னிஷ் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமும் சேர்த்து. கூரைத் தகரத்தின் நெளிவு நிஜத்தில் 76 மி.மீ. இடைவெளி, 1:12இல் 6 மி.மீ. சொச்சம். பார்சல் அட்டைக்குள் இருக்கும் நெளிவு கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் பலரும் அட்டையையே உரித்து வெள்ளி பூசிவிடுகிறார்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் இங்கே ஃபிஷ்மோத் என்கிறோமே, புத்தகத்தைத் தின்னும் அந்த வெள்ளிப் பூச்சி, அதற்கு அட்டையும் மாவுப் பசையும் விருந்து. டேக்அவே அலுமினியத் தட்டை நெளிவாக அழுத்திப் போடச் சொல்லுங்கள். சுவரில் வால்பேப்பர் ஒட்டுகிறார் என்றால் மாவுப் பசை வேண்டாம், மர கம் போதும்.

இன்னொன்று. நம் ஊர்க் கதவின் வழக்கமான அளவு 813க்கு 2032 மி.மீ. பொம்மை வீட்டில் அது 68க்கு 169 ஆகும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கதவு சரியென்றால் மற்றதும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பொம்மை வீட்டுக்குச் சின்ன விளக்குகள் வாங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பட்டன் பேட்டரி போட்ட விளக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஸ்குரூ போட்டு மூடும் பேட்டரிப் பெட்டியை வீட்டுக்குப் பின்னால் வைத்துக் கம்பி இழுக்கும் வகை கிடைக்கிறது, அது இருந்தால் வாங்குங்கள். சாமானைப் பொறுத்தவரை, டாய்லெட் பேப்பர் உருளைக்குள் விழுகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. 1:12 சாமானில் முக்கால்வாசி விழும். அதனால் வீட்டை இப்போதைக்கு அலமாரி மேல் வையுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் அக்கா கொலு பொம்மையும் மரச் சொப்பும் கொண்டு வருகிறாள். ஏர்போர்ட்டில் வரி கேட்பார்களா? (உம்லாங்கா)

பதில்: ஒருவருக்கு 5,000 ரேண்ட் மதிப்பு வரை வரி இல்லை. அதற்கு மேல் இன்னும் 20,000 வரை 20 சதவீதம் ஒரே விகிதமாகக் கட்டிவிட்டு வரலாம். கடை பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், பில் இல்லாவிட்டால் மதிப்பை அவர்கள் போடுவார்கள். மரப்பாச்சி வாங்கினால் என்ன மரம் என்று பில்லில் எழுதி வாங்கட்டும். செம்மரத்துக்கு இந்தியாவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமையானது. அப்புறம், மண் பொம்மையைப் புடவைக்குள் சுற்றிக் கைப்பையில். பெட்டியில் போட்ட என் செட்டியார் பொம்மை தலையில்லாமல் வந்து சேர்ந்தார்.

கேள்வி: பொம்மை வீட்டுக்கு முன்னால் ஒரு தட்டில் குட்டித் தோட்டம் போட, சாலையோரம் ஒருவரிடம் செடிகள் வாங்கினேன். ஒன்றில் குழல் மாதிரி இலை, நுனியில் குட்டிக் குட்டிச் செடிகள். இன்னொன்று கூழாங்கல் போலவே இருக்கிறது, ஒன்று 60 ரேண்ட். இரண்டும் நல்ல செடிதானா? (வெருலம்)

பதில்: குழல் இலைக்காரியை எனக்கு நன்றாகத் தெரியும். மதர் ஆஃப் மில்லியன்ஸ், மடகாஸ்கரிலிருந்து வந்த, நம் ரணகள்ளியின் சொந்தக்காரி. இங்கே 1பி வகை ஆக்கிரமிப்புச் செடி. விற்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிளை கொடுக்கவும் கூடாது. மாடு தின்றால் விஷம். பணத்தை மறந்துவிடுங்கள், சாலையோர வியாபாரியை எங்கே போய்த் தேடுவது.

கூழாங்கல் செடி வேறு கவலை. நம் நாட்டின் வடமேற்கில், வறண்ட நமாக்வாலாந்து பக்கம் காட்டில் தோண்டித் திருடி விற்கிற கூட்டம் சில வருடமாகப் பெருகியிருக்கிறது. அனுமதி இல்லாமல் பிடுங்கிய செடியை வைத்திருந்தாலே உங்கள் மேலும் வழக்கு வரலாம். நர்சரியில் விதை போட்டு வளர்த்தவை ஒரே வயதில், ஒரே அளவில், பில்லோடு வரும். ஒன்று பெரிது ஒன்று சிறிது, வேர் அறுந்து, தோலில் தழும்பு என்றால் தொடாதீர்கள். குளிர்கால மழைக்குப் பழகிய அந்தச் செடிகள் நம் கோடைப் புழுக்கத்தில் பெரும்பாலும் அழுகியும் போகும்.

தட்டுத் தோட்டத்துக்கு ஸ்பெக்பூம் வையுங்கள். நம் மண்ணின் செடி, இலை சிறிது. விரல் நீளக் கிளையை ஒடித்து, காயம் ஆற நாலு நாள் நிழலில் போட்டு, மணலில் சொருகினால் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டால் பொம்மை வீட்டு வாசலில் பழைய மாமரம் நிற்பது போலவே இருக்கும். அதன் கீழே ஒரு குட்டிக் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறேன் நான்.

மதர் ஆஃப் மில்லியன்ஸைப் பிடுங்கும்போது கீழே ஒரு செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், உதிர்கிற ஒவ்வொரு குட்டியும் ஒரு செடி. தாளோடு சேர்த்துக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு. எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.