ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குடியால் கல்லீரல் தழும்பேறிச் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து இரண்டு முறை எடுத்தாகிவிட்டது. ஏழு வாரமாகக் குடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் கல்லீரல் மாற்று பற்றிப் பேச முடியும் என்கிறார்கள். அதுவரை தாங்குவாரா?

பதில்: சகோதரி, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்க நேரலாம், மாற்று சிகிச்சைக் குழுவைப் பார்ப்பதற்குக் காத்திருக்கக் கூடாது. வயிற்றில் நீர் கோத்ததுமே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

காத்திருக்கச் சொல்வது தண்டனை அல்ல. குடியை நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் தணிந்து, மஞ்சள் காமாலையும் நீரும் குறையலாம். சிலருக்கு மாற்றே தேவைப்படாமல் போகிறது. அந்த முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால், நாள் கடத்துவது ஆபத்து. மறுபடி குடிப்பாரா என்பதை ஆறு மாதக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. வீட்டாரின் துணை, மனச்சோர்வு, முன்பு குடியை விட முயன்று தோற்றது எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

மருத்துவரிடம் "மெல்ட் எவ்வளவு?" என்று கேளுங்கள். கல்லீரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ரத்தப் பரிசோதனையில் வரும் பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), கிரியாட்டினின் (சிறுநீரக அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு), சோடியம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. 15ஐத் தாண்டினால் பொதுவாக மாற்றின் பலன் அதன் ஆபத்தைவிட அதிகம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். மெல்ட் குறைவாக இருந்தாலும், நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் அலட்சியம் வேண்டாம்.

இதற்கிடையில் பலர் செய்யும் தவறு, புரதத்தைக் குறைப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. படுக்கப்போகும் முன் கொஞ்சம் சாப்பிடக் கொடுங்கள். கெட்டுப்போன கல்லீரலால் இரவுக்கான சர்க்கரையைச் சேமிக்க முடியாது. உடல் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். உப்பைக் குறையுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது, சிறுநீரகம் செயலிழந்துவிடும். கறுப்பாக மலம், ரத்த வாந்தி, காய்ச்சல், பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பிப் பேசுவது, சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: குடியால் திடீரென்று கடுமையான மஞ்சள் காமாலை வந்தவருக்கு ஆறு மாதமே இருக்காதே?

பதில்: உண்மைதான். ஸ்டீராய்டு கொடுத்து ஏழாம் நாள் பார்ப்பார்கள். மருந்து கேட்கவில்லை என்றால் பலர் சில மாதங்களைத் தாண்டுவதில்லை. 2011இல் வெளிவந்த பிரெஞ்சு, பெல்ஜிய ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுத்து உடனே மாற்று செய்த 26 பேரில் ஆறு மாதம் பிழைத்தோர் 77 சதவீதம், செய்யாதவர்களில் 23. அதன்பின் பல மையங்கள் ஆறு மாத விதியைத் தளர்த்தின.

கேள்வி: மாற்றிய பிறகு எவ்வளவு காலம்?

பதில்: ஐந்து ஆண்டு தாண்டுவோர் பத்தில் ஏழு பேருக்கு மேல்; மற்ற கல்லீரல் நோயாளிகளுக்கு ஏறக்குறைய இதே அளவுதான். புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரை ஆயுளுக்கும். பழையபடி நிறையக் குடித்தால் புதுக் கல்லீரலும் சில ஆண்டுகளில் சிரோசிஸாகலாம். சிகரெட்டையும் விட்டாக வேண்டும்: மாற்றுக்குப் பின் இவர்களுக்கு வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது.