காசு குடுத்து வாங்கின விண்டோஸ் ஆடியோ பிளகின்களை லினக்ஸ்ல ஓட்டி ஒழுங்கா மிக்ஸ் பண்ண முடியுமா?

முடியும். நான் நாலு வருஷமா அப்படித்தான் வேலை பாக்குறேன், பாட்டு ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்ற ரீப்பர்ங்கிற சாஃப்ட்வேரோட லினக்ஸ் வெர்ஷன்ல, கூடவே சில விண்டோஸ் பிளகின், அதாவது அந்த சாஃப்ட்வேருக்குள்ள சொருகுற குட்டி ஆடியோ ப்ரோக்ராம். லினக்ஸுக்கு மாறினா வாங்கினதெல்லாம் வீணாப் போயிடுமோன்னு கேட்டிருக்கீங்க, பெரும்பாலும் போகாது. சத்தத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, அது அப்படியே வரும். ஆளுங்க வெறுத்துப்போய் திரும்ப விண்டோஸுக்கே ஓடுறது ரெண்டு விஷயத்துனால, ஒண்ணு பிளகினோட ஜன்னல், இன்னொண்ணு லைசென்ஸ். இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு இறங்கினீங்கன்னா நிம்மதியா இருக்கலாம்.

விண்டோஸ் ப்ரோக்ராமை லினக்ஸ்ல ஓட்டுறது வைன்ங்கிற சாஃப்ட்வேர். சத்தம் ஏன் மாறாதுன்னா, வைன் ஒரு எமுலேட்டர் கிடையாது, அதாவது போலியா ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி அதுக்குள்ள ஓட்டாது. 1993ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது, பிளகினோட கோட் உங்க ப்ராசஸர்லயே நேரா ஓடும், அது விண்டோஸ்கிட்ட ஏதாவது கேக்கும்போது மட்டும் விண்டோஸ் இடத்துல நின்னு வைன் பதில் சொல்லும். ஈக்யூ (பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிறது), கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது) எல்லாம் உள்ளுக்குள்ள பண்றது வெறும் கணக்கு, கணக்குக்கு விண்டோஸ் என்ன லினக்ஸ் என்ன. எனக்கும் முதல்ல சந்தேகம் இருந்துச்சு, அதனால ஒரே வாய்ஸ் ட்ராக்கை அதே ஈக்யூ அதே செட்டிங்ல விண்டோஸ்ல ஒரு தடவ, லினக்ஸ்ல ஒரு தடவ ரெண்டர் பண்ணி, ஒண்ணோட ஃபேஸைத் திருப்பிப் போட்டு ரெண்டையும் சேத்து ஓட விட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சு அமைதியாயிடணும், மீட்டர் அசையவே இல்ல. அன்னைக்குத்தான் விண்டோஸ் பார்ட்டிஷனை அழிச்சேன்.

வைன் மட்டும் போதாது. விண்டோஸ் பிளகின் ஒரு டிஎல்எல் (விண்டோஸோட ப்ரோக்ராம் ஃபைல்) மாதிரி, லினக்ஸ் ரீப்பர் தேடுறது லினக்ஸுக்குரிய எஸ்ஓ ஃபைலை. நடுவுல பாலமா நிக்கிறதுதான் யாப்ரிட்ஜ், ராபர்ட் வான் டெர் ஹெல்ம்னு ஒருத்தர் எழுதினது, 2020ல வந்துச்சு, இலவசம், சோர்ஸும் திறந்தே இருக்கு. ரீப்பர் கண்ணுல படுற மாதிரி ஒரு சின்ன எஸ்ஓ ஃபைலை அது வெக்கும், ரீப்பர் அதை லோட் பண்ணினதும் பின்னாடி வைன்ல தனி ப்ராசஸ் கிளப்பி நிஜ பிளகினை அங்க ஓட்டும், ஆடியோ ஷேர்டு மெமரி வழியா போய் வரும். பிளகின் வகைகள்ல விஎஸ்டி2, விஎஸ்டி3, கிளாப் மூணும் ஓடும், பழைய 32 பிட் பிளகின் கூட 64 பிட் ரீப்பர்ல ஓடும். பிளகின் இன்ஸ்டாலரை வைன்ல சாதாரணமா ஓட்டி முடிங்க, அது எந்த ஃபோல்டர்ல போய் உக்காந்துச்சோ அந்த ஃபோல்டரை யாப்ரிட்ஜ்சிடிஎல்னு கூடவே வர்ற கமாண்ட்ல ஒரு தடவ ஆட் பண்ணுங்க, அப்புறம் சிங்க் குடுங்க. புதுசா எது இன்ஸ்டால் பண்ணினாலும் திரும்ப சிங்க் குடுக்கணும், ரீப்பர்ல பிளகின் தெரியலன்னு வர்ற முக்கால்வாசிப் பேர் இதைத்தான் மறந்திருப்பாங்க.

சத்தம் கரகரன்னு உடைஞ்சு வந்தா பிளகினைத் திட்டாதீங்க. உங்க யூசருக்கு ரியல்டைம் உரிமை (ஆடியோ வேலையை மத்த வேலைக்கு முன்னாடி ஓட விடுறது) குடுத்திருக்கீங்களான்னு பாருங்க. சிஸ்டத்தோட லிமிட்ஸ் ஃபைல்ல ஆடியோ குரூப்புக்கு ஆர்டிப்ரியோ (முன்னுரிமை), மெம்லாக் (பூட்டி வெக்கக்கூடிய மெமரி) ரெண்டும் ஏத்தி, உங்களை அந்த குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க. 48000 ஹெர்ட்ஸ்ல பஃபர் (ஒரே தடவையில எடுத்து வேலை பாக்குற ஆடியோத் துண்டு) 256 சாம்பிள் வெச்சா ஒரு பஃபர் 5.3 மில்லி செகண்ட், பாடி ரெக்கார்ட் பண்ண தாராளம், மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏத்திக்கோங்க. யாப்ரிட்ஜ் தன் பங்குக்கு லேட்டன்சி (தாமதம்) எதுவும் கூட்டாது, ஆனா சிபியூ கொஞ்சம் கூடுதலா தின்னும், பஃபர் சின்னதாக ஆக அது நல்லாவே தெரியும்.

இப்போ ஜன்னல். இங்கதான் நான் ரொம்பப் பட்டேன். ஒரு பக்திப் பாட்டு ஆல்பம், மறுநாள் காலையில குடுக்கணும், ராத்திரி 11 மணிக்கு யோசிக்காம சிஸ்டம் அப்டேட் போட்டுட்டேன், வைனும் கூடவே ஏறிடுச்சு. திறந்து பாத்தா ஈக்யூல இருக்கிற புள்ளியை இழுக்கப் போனா புள்ளி வரல, கர்சர் ஒரு இடத்துல நிக்குது, கிளிக் வேற எங்கயோ போய் விழுது. பாட்டு ஓடுது, சத்தம் பிசிறில்லாம வருது, ஆனா ஒரு நாப் கூடத் திருப்ப முடியல. ரெண்டு மணி வரைக்கும் தேடி வைனை 9.21க்கு இறக்கின பிறகுதான் சரியாச்சு. யாப்ரிட்ஜ் 5.1.1 வெச்சிருக்கிறவங்களுக்கு 9.22லேர்ந்து மேல உள்ள வைன்ல இது வரும், வைன் ஜன்னலைக் கையாளுற விதத்தை மாத்தினதால வந்தது. அதனால நல்லா ஓடுற வைன் வெர்ஷன் ஒண்ணு கிடைச்சா அதைப் பூட்டி வைங்க, உபுண்டுன்னா ஆப்ட்-மார்க் ஹோல்ட், ஆர்ச்னா பேக்மேன் கான்ஃபிக்ல இக்னோர் பேக்கேஜ். தயவுசெஞ்சு இதை இன்னைக்கே பண்ணிடுங்க.

ஜன்னல் மொத்தமா கருப்பா வந்தா டிஎக்ஸ்விகே போட்டுப் பாருங்க, விண்டோஸோட டைரக்ட்3டி கிராஃபிக்ஸை லினக்ஸுக்குப் புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர் அது, டைரக்ட்3டி பயன்படுத்துற பிளகின் பல அதுல சரியாயிடும். டைரக்ட்2டி, அதாவது விண்டோஸ் படம் வரையுற இன்னொரு முறை, அதோட கதை வேற. ஜூஸ்னு ஒரு ஃப்ரேம்வொர்க் (பிளகின் எழுத உதவுற ரெடிமேட் கோட்), நிறைய கம்பெனி பிளகின் எழுதுறது அதுலதான், 2024ல வந்த 8வது வெர்ஷன்லேர்ந்து விண்டோஸ்ல டைரக்ட்2டியில வரைய ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் வந்த சில பிளகின் வைன்ல மினுங்குது, வெறுமையா நிக்குது. அந்த மாதிரி மாட்டினா அதே பிளகினோட பழைய இன்ஸ்டாலர் உங்க அக்கவுண்ட்ல இருக்கான்னு பாருங்க, எனக்கு ரெண்டு பிளகின் அப்படித்தான் ஓடுது.

லைசென்ஸ் விஷயத்துல ஒரே அளவுகோல்தான் வெச்சிருக்கேன். சீரியல் நம்பரோ லைசென்ஸ் ஃபைலோ குடுக்குற கம்பெனியா, பயமில்லாம வாங்கலாம். யுஎஸ்பி டாங்கிள் (சாவி மாதிரி சொருகுற லைசென்ஸ் குச்சி) கேக்குதா, விண்டோஸ் டிரைவர் போடச் சொல்லுதா, தொடாதீங்க, விண்டோஸ் கெர்னல் டிரைவரை வைன்ல ஏத்தி நிஜ ஹார்டுவேரோட பேச வெக்க முடியாது. நடுவுல இருக்கிறது கம்பெனியோட மேனேஜர் ஆப் வழியா ஆக்டிவேட் பண்றது, சிலது ஓடும், சிலது லாகின் பக்கமே வெள்ளையா நிக்கும். ஒரு தடவ தவில், மிருதங்கம் சாம்பிள் லைப்ரரி ஒண்ணு ஆஃபர்ல வந்துச்சுன்னு ட்ரையல் பாக்காம வாங்கிட்டேன், மேனேஜர் ஆப் டவுன்லோடு வரைக்கும் போய் நின்னுடுச்சு, பணமும் திரும்ப வரல. ட்ரையலை முதல்ல வைன்ல ஆக்டிவேட் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் கார்டை எடுங்க.

அப்புறம், எல்லாத்தையும் வைன்ல ஓட்டணும்னு இல்லீங்க. ரீப்பர், அதே மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான பிட்விக், ஆர்டர் (Ardour) மூணுக்கும் லினக்ஸ்லயே வெர்ஷன் இருக்கு, சின்த்துக்கு (எலக்ட்ரானிக் சத்தம் உருவாக்குறது) வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, பியானோவுக்கு பியானோடெக், ரிவெர்புக்கு (எதிரொலி) டிராகன்ஃப்ளை, எல்லாமே நேரா ஓடும். நான் வைன்ல வெச்சிருக்கிறது வேற எதாலயும் ஈடுகட்ட முடியாத ஏழெட்டு பிளகின் மட்டும்தான், கம்பெனிக்கு ஒரு ப்ரிஃபிக்ஸ்னு தனித்தனியா. ப்ரிஃபிக்ஸ்ங்கிறது வைன் தன் விண்டோஸ் ஃபைலை எல்லாம் வெக்கிற வெறும் ஒரு ஃபோல்டர், எந்த பிளகினா இருந்தாலும் அது இருக்கிற ப்ரிஃபிக்ஸை யாப்ரிட்ஜ் தானாவே கண்டுபிடிச்சுக்கும். வைனையோ பிளகினையோ தொடுறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைங்க, கெட்டுப்போனா பழசை எடுத்து அதே இடத்துல போட்டாப் போதும்.

பாட்டு முடிஞ்ச அன்னைக்கே ஒவ்வொரு ட்ராக்கையும் பிளகினோட சேத்து வேவ் ஃபைலா இறக்கிடுங்க. மூணு வருஷம் முன்னாடி பண்ணின ஒரு பாட்டை போன மாசம் திரும்பக் கேட்டாங்க, அதுல இருந்த பழைய 32 பிட் ரிவெர்ப் இப்போ இருக்கிற செட்டப்ல எந்திரிக்கவே இல்ல, வேவ் இருந்ததால சாயங்காலத்துக்குள்ள புது மிக்ஸ் அனுப்பிட்டேன்.