நிறம் துடிக்கவில்லை என்றால் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்தும் உங்கள் சைக்கடெலிக் போஸ்டர் (போதையில் தெரியும் மாயக்காட்சி போன்ற பாணி) கண்ணுக்குத் துடிக்கவே இல்லை, எழுத்தும் வளைத்த ஃபான்ட் போலவே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சிக்கல் நிறத்தில் இருக்காது, அதன் வெளிச்ச அளவில் இருக்கும். போஸ்டரைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். ஒன்று கறுத்து மற்றொன்று வெளுத்தால் கண் அவற்றை எளிதாகப் பிரித்துவிடும், அதிர்வு வராது. நிறத்தின் செறிவையும் குறைக்காதீர்கள். 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் போஸ்டர் வரைந்த விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். அந்த அதிர்வு போதையில் தற்செயலாக வந்ததல்ல, வகுப்பறைப் பாடம்.

எழுத்துக்கு ஃபான்டை விட்டுவிடுங்கள். அதே சான் பிரான்சிஸ்கோவில் போஸ்டர் வரைந்த வெஸ் வில்சனின் எழுத்து வியன்னா ஓவியர் ஆல்ஃப்ரெட் ரோலர் 1900களின் தொடக்கத்தில் வரைந்த எழுத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு வடிவத்தை வரைந்து, எழுத்துகள் அதை முழுக்க நிரப்பும்படி இழுத்து நீட்டுங்கள். எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய கோடு மட்டும் மிஞ்சினால் போதும்.

அப்புறம், சான் பிரான்சிஸ்கோவோடு நின்றுவிடாதீர்கள். டோக்கியோவில் போஸ்டர் ஓவியர் தாதானோரி யோகோ உதயசூரியக் கதிர்களையும் பழைய மரச்செதுக்கு அச்சுப் படங்களின் அலைகளையும் பளிச்சென்ற பாப் ஆர்ட் நிறங்களோடு கலந்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். அந்தக் கால இசை மேடைகளிலோ எண்ணெயையும் வண்ணநீரையும் கண்ணாடித் தட்டில் அசைத்து, ப்ரொஜெக்டரில் திரையெங்கும் ஓடவிட்டார்கள். நீங்களும் ஒரு தட்டில் அப்படிக் கலந்து படமெடுத்துப் பாருங்கள், பின்னணிக்கு அதையே வைக்கலாம்.